கூகுள் தேடலிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க எந்த வழி? 410, நோஇண்டெக்ஸ், ரோபாட்ஸ், ரிமூவல்ஸ்: ஓர் ஒப்பீடு

பக்கத்தை அழித்தாயிற்று, ஆனால் கூகுளில் தேடினால் இன்னும் வருகிறது. அல்லது பக்கம் தளத்தில் இருந்தாக வேண்டும், தேடலில் மட்டும் வரக்கூடாது. அல்லது பக்கம் நம்முடையதே இல்லை, அதில் இருக்கும் போன் நம்பர் மட்டும் நம்முடையது. மூன்று பேரும் "கூகுளிலிருந்து நீக்குவது எப்படி" என்றுதான் தேடுகிறார்கள். விடை மூவருக்கும் வேறு வேறு. தவறான வழியைப் பிடித்தால் வேலை நடக்காமல் போவதோடு முடிவதில்லை, சில சமயம் அது சரியான வழியையும் சேர்த்து அடைத்துவிடும்.

வழிகளை எடைபோடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இண்டெக்ஸிலிருந்து, அதாவது கூகுள் படித்துச் சேர்த்துவைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலிலிருந்து, விழவைப்பது ஒரு வேலை, தேடல் முடிவில் மறைத்துவைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்வது உங்கள் சர்வர். பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரலான கூகுள்பாட் அந்த முகவரிக்கு வந்து கேட்கும்போது சர்வர் என்ன பதில் தருகிறதோ அதுவே நிரந்தரம். இரண்டாவது வேலையைச் செய்வது தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோலில் இருக்கும் ரிமூவல்ஸ் கருவி. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும், ஆனால் சுமார் ஆறு மாதம்தான் தாங்கும். பலரும் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கம் வந்து நிற்கும்போது கூகுளைத் திட்டிப் பயனில்லை.

பக்கமே வேண்டாம் என்றால்: 404, 410

யாருக்கும் தேவைப்படாத பக்கம் என்றால் அழிப்பதை மிஞ்சிய வழி கிடையாது. அழித்தபின் அந்த முகவரி 404 அல்லது 410 என்ற ஸ்டேட்டஸ் எண்ணைத் தர வேண்டும். 404 என்றால் இங்கே அப்படி ஒன்று இல்லை என்று பொருள், 410 என்றால் இருந்தது, நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள். கூகுள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடத்துகிறது. 410 கொஞ்சம் வேகமாக விழலாம், ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது என்று கூகுள் தேடல் பிரிவின் ஜான் முல்லர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே 404 வந்துகொண்டிருக்கும் நாலைந்து பக்கங்களை 410 ஆக்க மெனக்கெடுவது வீண். ஒரு முழு ஃபோல்டரைத் தூக்கும்போது மட்டும் 410 வைப்பது நல்லது. தெரிந்தேதான் நீக்கினோம் என்பது அடுத்து அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கும் விளங்கும்.

சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில், அதாவது அப்பாச்சி அல்லது லைட்ஸ்பீடு சர்வரில், சர்வருக்குக் கட்டளைகள் எழுதும் எச்டிஅக்சஸ் கோப்பில் ஒரு வரி போதும். ரீடைரக்ட் என்ற கட்டளை, ஓர் இடைவெளி, 410, இன்னோர் இடைவெளி, சாய்கோட்டில் தொடங்கும் பக்கத்தின் பாதை. போய்ச்சேர வேண்டிய முகவரி எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு கவனம்: இந்தக் கட்டளை பாதையின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடும். ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் எல்லாமே 410 ஆகிவிடும். என்ஜின்எக்ஸ் சர்வர் என்றால் லொகேஷன் பகுதிக்குள் ரிட்டர்ன் 410 என்று எழுதினால் முடிந்தது.

கோளாறு வருவது பெரும்பாலும் வேறு இடத்தில். முதலாவது, சாஃப்ட் 404. திரையில் "பக்கம் கிடைக்கவில்லை" என்று அழகாக எழுதியிருக்கும், ஆனால் சர்வர் உள்ளுக்குள் 200, அதாவது எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். சொந்தமாக எழுதிய பிஹெச்பி தளங்களிலும், ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஓடும் ஒற்றைப் பக்கச் செயலிகளிலும் இது அடிக்கடி நடக்கும். கூகுள் பல நேரம் தானே ஊகித்துக்கொள்ளும், ஆனால் அந்த ஊகத்தை நம்பி இருக்க முடியாது. கண்ணால் பார்ப்பதை நம்பாமல் பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் தாவலைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, முதல் வரியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, வேர்ட்பிரஸின் அதிகப்படி உதவி. அழிந்துபோன முகவரிக்கு யாராவது வந்தால், அதன் பெயரை ஒத்த வேறு பதிவு இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் தேடிப்பார்த்து அங்கே 301, அதாவது நிரந்தரமாக இடம் மாறியது என்ற எண், போட்டு அனுப்பிவிடும். நீங்கள் 404 என்று நினைத்துக்கொண்டிருக்கும் முகவரி உண்மையில் வேறு பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த ஊகத்தை நிறுத்த 5.5 பதிப்பிலிருந்து நிரலில் சேர்க்கக்கூடிய ஒரு ஃபில்டர் இருக்கிறது.

மூன்றாவதுதான் அதிகம் காலை வாருவது: பதிவை அழித்தால் அதனுடன் ஏற்றிய பிடிஎஃப்பும் படமும் அழிவதில்லை. அவை அப்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், நேரடி முகவரியில் திறக்கும், தேடலிலும் வரும். மாணவர் பட்டியல், உறுப்பினர் பட்டியல், சம்பளப் பட்டியல் எல்லாம் வெளியே கசிவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மீடியா லைப்ரரிக்குப் போய்க் கோப்பைத் தனியாக "டெலிட் பெர்மனென்ட்லி" செய்ய வேண்டும். எஃப்டிபி வழியாக ஏற்றிய கோப்பு மீடியா லைப்ரரியில் தெரியவே தெரியாது. அதை ஃபைல் மேனேஜரில் போய்த்தான் தேட வேண்டும். இது சின்னத் தளங்களின் நோய் மட்டுமல்ல. மத்திய, மாநில அரசுத் துறைகளின் சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகள் பட்டியலோடு ஆதார் எண்ணையும் வெளியிட்டிருந்தன என்று 2017-ல் ஆதார் ஆணையமே தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதில் சொன்னது.

நான்காவது, கேஷ். பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துப் பரிமாறும் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன்னும், வேர்ட்பிரஸ் கேஷ் பிளக்இன்களும் பழைய பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு அதையே பரிமாறிக்கொண்டிருக்கலாம். அழித்த கையோடு இரண்டிலும் நகலை அழிக்கும் பர்ஜ் கட்டளையைக் கொடுங்கள்.

எத்தனை நாளாகும்? கூகுள்பாட் அடிக்கடி வரும் பக்கம் என்றால் சில நாள். உள்ளே ஒளிந்திருக்கும் பழைய பக்கம் என்றால் வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் (சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைச் சோதிக்கும் இடம்) "ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்" கொடுத்து விரட்டலாம் என்று நினைக்கத் தோன்றும். நேரடிச் சோதனையில் பக்கம் இண்டெக்ஸுக்குத் தகுதியில்லை என்று தெரிந்ததும் அந்த வேண்டுகோளே தள்ளுபடியாகிவிடும். அதைவிட உருப்படியான வழி ஒன்று உண்டு. அழித்த முகவரிகளை மட்டும் கொண்ட ஒரு தனி சைட்மேப் (தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியல்) செய்து, லாஸ்ட்மாட் என்ற கடைசி மாற்றத் தேதியாக அழித்த நாளைப் போட்டு, சர்ச் கன்சோலில் கொடுங்கள். கூகுள்பாட் அவற்றைத் திரும்பப் பார்க்க அது ஒரு தூண்டுதல். எல்லாம் விழுந்தபின் அந்த சைட்மேப்பை எடுத்துவிடலாம்.

பக்கம் இருக்கட்டும், தேடலில் வேண்டாம்: நோஇண்டெக்ஸ்

பணம் கட்டியபின் வரும் நன்றிப் பக்கம், தளத்துக்குள் தேடும் முடிவுப் பக்கம், விளம்பரத்துக்காக மட்டும் செய்த லேண்டிங் பக்கம், குறிச்சொல் வாரியாகத் தானே பெருகும் பட்டியல் பக்கம் ஆகியவற்றுக்கு, இண்டெக்ஸில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ்தான் பொருத்தம். பக்கத்தின் ஹெட் பகுதியில் ரோபாட்ஸ் என்ற பெயரில் ஒரு மெட்டா டேக் (திரையில் தெரியாத குறிப்பு), அதன் மதிப்பு நோஇண்டெக்ஸ். யோஸ்ட், ரேங்க்மேத் போன்ற வேர்ட்பிரஸ் பிளக்இன்களில் ஒவ்வொரு பதிவின் அட்வான்ஸ்டு பகுதியிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கும். பிளாகரில் செட்டிங்ஸில் "கஸ்டம் ரோபாட்ஸ் ஹெடர் டேக்ஸ்" என்பதை முதலில் இயக்கினால், பிறகு ஒவ்வொரு பதிவின் வலப்பக்கத்திலும் அந்தத் தேர்வு வரும்.

பிடிஎஃப், வேர்டு, எக்செல் கோப்புகளில் மெட்டா டேக் வைக்க இடமில்லை. அவற்றுக்கு எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற எச்டிடிபி ஹெடர், அதாவது சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பு. எச்டிஅக்சஸில் பிடிஎஃப் என முடியும் கோப்புகளுக்கென்று ஒரு பகுதி திறந்து, அதற்குள் இந்த ஹெடருக்கு நோஇண்டெக்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் தளத்தின் எல்லா பிடிஎஃப்களும் ஒரேயடியாக வெளியேறும். எல்லாம் வெளியேற வேண்டாம் என்றால் ஃபோல்டர் வாரியாக அந்தந்த ஃபோல்டரிலேயே தனி எச்டிஅக்சஸ் வைப்பது எளிது.

இந்த வழிக்கு ஒரே ஒரு நிபந்தனை: கூகுள்பாட் பக்கத்துக்குள் வந்து நோஇண்டெக்ஸைப் படிக்க முடிய வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். ஏன் என்பது அடுத்த பகுதியில். இன்னொன்று, நோஇண்டெக்ஸ் ரகசியம் காப்பதில்லை. இணைப்பு தெரிந்தவர் யாரும் திறந்து படிக்கலாம். சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும் கோப்புக்கு நோஇண்டெக்ஸ் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

பக்கம் தேடலில் வரட்டும், அதில் ஒரு பத்தி மட்டும் முன்னோட்டத்தில் தெரிய வேண்டாம் என்றால், அந்தப் பத்தியைச் சுற்றியுள்ள எச்டிஎம்எல் குறியான ஸ்பான், டிவ் அல்லது செக்‌ஷனில் டேட்டா-நோஸ்னிப்பெட் என்ற பண்பைச் சேர்த்தால் போதும். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாமல் முழுப் பக்கத்தையும் பலிகொடுத்துவிடுகிறார்கள்.

ரோபாட்ஸ் கோப்பு: நீக்குவதற்கு இது ஆகாது

இணையத்தில் பாதி அறிவுரைகள் இதைத்தான் முதலில் சொல்லும்: தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் டிஸ்அலவ் போடுங்கள், பக்கம் போய்விடும் என்று. போகாது. டிஸ்அலவ் என்பது கூகுள்பாட்டிடம் உள்ளே வராதே என்று சொல்வது மட்டுமே. வாசலில் "அனுமதி இல்லை" என்று பலகை மாட்டினால் ஆள் உள்ளே வரமாட்டார், ஆனால் அந்தத் தெருவில் அப்படியொரு வீடு இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே பார்க்காமலேயே முகவரியை மட்டும் கூகுள் தேடல் முடிவில் காட்டும், விளக்க வரி இல்லாமல். சர்ச் கன்சோலில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு: ரோபாட்ஸ் தடுத்தும் இண்டெக்ஸ் ஆனவை.

இதைவிட மோசம், நோஇண்டெக்ஸையும் டிஸ்அலவையும் சேர்த்துப் போடுவது. இரட்டைப் பூட்டு போட்டதாக நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். உள்ளே வர அனுமதியில்லாததால் கூகுள்பாட் நோஇண்டெக்ஸைப் படிப்பதே இல்லை, பழைய பதிவு இண்டெக்ஸில் தங்கிவிடுகிறது. 404, 410 கதையும் இதேதான்: கதவைத் தட்டவே விடாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே நீக்க நினைக்கும் பக்கத்துக்கு டிஸ்அலவ் ஏற்கெனவே இருந்தால் அதை எடுப்பதுதான் முதல் வேலை. ரோபாட்ஸ் கோப்பின் நகலைக் கூகுள் பொதுவாக 24 மணி நேரம் வரை வைத்திருக்கும், எனவே மாற்றியவுடன் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று ஒரு வரி எழுதும் பழைய உத்தியும் இன்னும் சில கட்டுரைகளில் உலவுகிறது. அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படாத அந்த ஆதரவைக் கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் நிறுத்திவிட்டது. அப்படிச் சொல்லும் கட்டுரையின் மற்ற அறிவுரைகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

ரோபாட்ஸ் கோப்பு எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பு என்பதும் கவனத்தில் இருக்கட்டும். ரகசிய ஃபோல்டர்களின் பெயர்களை அதில் வரிசையாக எழுதுவது திருடனுக்கு வரைபடம் கொடுப்பதற்குச் சமம்.

ஒரே ஒரு விதிவிலக்கு படங்கள். படம், வீடியோ, ஆடியோ கோப்புகளைப் பொறுத்தவரை டிஸ்அலவ் போட்டால் அவை தேடலில் வருவதைக் கூகுள் நிறுத்திவிடும். கூகுள் இமேஜஸிலிருந்து ஒரு படத்தை எடுக்க, கூகுள்பாட்-இமேஜ் என்ற பெயருக்கு அந்தப் படத்தின் பாதையை டிஸ்அலவ் செய்வது கூகுளே சொல்லும் வழி. பிடிஎஃப் இந்தச் சலுகையில் சேராது.

301, கனானிக்கல், கடவுச்சொல்

பழைய பக்கத்துக்கு உண்மையான மாற்று இருந்தால் 301 வையுங்கள். பழைய முகவரி விழும், அதன் மதிப்பு புதியதற்குப் போகும். குறைந்தது ஒரு வருடமாவது அந்த 301 அப்படியே இருக்க வேண்டும். மாற்றே இல்லாத பக்கங்களை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடும் பழக்கத்தால் பயனில்லை, கூகுள் அதை சாஃப்ட் 404 என்றே எடுத்துக்கொள்ளும்.

கனானிக்கல் டேக் ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை. ஒரே பொருள் இரண்டு முகவரியில் இருக்கும்போது எது முதன்மை என்று சொல்ல உதவும். நீக்குவதற்கு இதை நம்பாதீர்கள்.

கடவுச்சொல் பூட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் சோதனைத் தளங்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சிபேனலில் "டைரக்டரி பிரைவசி" என்ற பகுதியில் ஃபோல்டரைத் தேர்ந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் சர்வர் 401, அதாவது அனுமதி தேவை என்ற எண்ணைத் தரும், கூகுள் அந்தப் பக்கங்களைக் கைவிடும். சோதனைத் தளத்துக்கு நோஇண்டெக்ஸ் போடுகிறவர்கள் திறப்பு நாளன்று அதையும் சேர்த்து நிஜத் தளத்துக்கு நகலெடுத்துவிடுவது வழக்கமான விபத்து. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் இருக்கும் "தேடுபொறிகளைத் தடு" என்ற ஒரு டிக், புதுத் தளத்தை மாதக்கணக்கில் இருட்டில் வைத்திருக்கும். கடவுச்சொல்லில் அந்த ஆபத்து இல்லை, எடுக்க மறந்தால் முதல் வாடிக்கையாளரே போன் செய்து சொல்லிவிடுவார்.

அவசரத்துக்கு: ரிமூவல்ஸ் கருவி

தனிப்பட்ட தகவல் வெளியே தெரிகிறது, கூகுள்பாட் வரும்வரை காத்திருக்க முடியாது. அப்போது சர்ச் கன்சோலில் இடப்பக்கம் இண்டெக்ஸிங் தலைப்பின்கீழ் இருக்கும் ரிமூவல்ஸ். தளத்தின் உரிமை அதில் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். "டெம்பரரி ரிமூவல்ஸ்" தாவலில் "நியூ ரிக்வெஸ்ட்" அழுத்தி, முகவரியை ஒட்டி, இந்த முகவரி மட்டுமா, இதில் தொடங்கும் எல்லாமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரியைத் தேடல் முடிவிலிருந்தே காப்பி செய்யுங்கள். பாதையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. ஒரே பக்கம் கேள்விக்குறிக்குப் பின் வெவ்வேறு வால்களோடு இண்டெக்ஸ் ஆகியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அதே திரையில் முன்னோட்ட வரியை மட்டும் அழிக்கும் இன்னொரு தேர்வும் இருக்கிறது. பக்கத்தைத் திருத்திவிட்டீர்கள், பழைய வாசகம் மட்டும் தேடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அதைப் பயன்படுத்துங்கள். முழுப் பக்கத்தை மறைக்கத் தேவையில்லை.

இந்தக் கருவியில் உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள் உண்டு. "இதில் தொடங்கும் எல்லாம்" என்று தேர்ந்தெடுத்துவிட்டு முகப்பு முகவரியைக் கொடுத்தால் முழுத் தளமும் தேடலிலிருந்து மறைந்துவிடும். இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியபின் பழைய எச்டிடிபி முகவரிகள் தேடலில் தெரிகின்றன என்று அவற்றை நீக்கச் சொல்வார்கள். இந்தக் கருவிக்கு எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது எல்லாம் ஒன்றே. பழையதை மறைத்தால் புதியதும் மறையும். அந்தச் சிக்கலுக்கு 301 மட்டும்தான் மருந்து. கை தவறிக் கொடுத்துவிட்டால் அதே பட்டியலில் வேண்டுகோளை ரத்துசெய்யும் வசதி இருக்கிறது.

மறைத்திருக்கும் காலத்தில் கூகுள்பாட் வருவது நிற்காது. அது வரும்போது 404, 410, நோஇண்டெக்ஸ், 401 இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே இருந்தால், ஆறு மாதம் முடிவதற்குள் பக்கம் தானாகவே இண்டெக்ஸிலிருந்து விழுந்திருக்கும். ஆகவே அவசர வேலையின் வரிசை இப்படி: கோப்பை அழி, சிடிஎன் கேஷைக் காலிசெய், ஸ்டேட்டஸ் எண்ணைச் சரிபார், ரோபாட்ஸில் தடை இல்லை என்று உறுதிசெய், அதன் பிறகு ரிமூவல்ஸ். முதலில் கருவி, பிறகு அழிப்பது என்று போனாலும் குற்றமில்லை, அழிக்க மறக்காமல் இருந்தால்.

பக்கம் விழுந்துவிட்டதா என்று யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். தற்காலிகமாக மறைத்த பக்கத்தைக்கூட அது இண்டெக்ஸில் இருப்பதாகவே காட்டும். அது பொய் இல்லை. மறைந்திருக்கிறது, விழவில்லை.

ஹேக் ஆன தளங்கள் தனி ரகம். ஜப்பானிய எழுத்துகளில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் முளைத்து உங்கள் தளத்தின் பெயரில் தேடலில் வரும் கேஸ் இது. முதலில் ஓட்டையை அடையுங்கள், தெரியாத நபர் சர்ச் கன்சோலில் உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். குப்பைப் பக்கங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் இருந்தால் "இதில் தொடங்கும் எல்லாம்" என்ற தேர்வில் ஒரே வேண்டுகோளில் மறைக்கலாம். சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், 404 அல்லது 410 தந்துவிட்டுப் பொறுமையாக இருப்பதே வழி. பயத்தில் தளம் முழுவதையும் மறைப்பது ஹேக் செய்தவன் செய்யாததை நாமே செய்வது.

தளம் உங்களுடையது இல்லை என்றால்

இங்கே கேள்வி ஒன்றுதான்: பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

உரிமையாளர் அழித்துவிட்டார் அல்லது உங்கள் பெயரை எடுத்துவிட்டார், ஆனால் கூகுளில் பழையபடி தெரிகிறது என்றால், கூகுளின் "ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்" கருவி யாருக்கும் திறந்திருக்கிறது. கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். பக்கமே போய்விட்டிருந்தால் முகவரி மட்டும் கேட்கும். பக்கம் இருந்து, உள்ளடக்கம் மாறியிருந்தால், பழைய பக்கத்தில் இருந்து இப்போதைய பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கேட்கும். உங்கள் பெயரின் ஒரு பகுதி, பழைய போன் நம்பர் என ஒரே ஒரு சொல் கொடுங்கள். நீண்ட வாக்கியம் கொடுத்தால் பொருந்தாமல் போகும். அந்தச் சொல் பக்கத்தின் எந்த மூலையிலாவது, கருத்துப் பகுதியிலோ மெனுவிலோ, இன்னும் இருந்தால் வேண்டுகோள் நிராகரிக்கப்படும். நிராகரிப்புக்கு இன்னொரு காரணம் மேலே சொன்ன சாஃப்ட் 404. படமென்றால் படத்தின் முகவரியைத் தனியாகக் காப்பி செய்து கொடுக்க வேண்டும்.

கூகுளின் கேஷ் நகலைப் பார்க்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைத் தாண்டிப் போங்கள். தேடல் முடிவிலிருந்த அந்த இணைப்பைக் கூகுள் 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டது.

தளம் நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு மறுபக்கம் உண்டு. உங்கள் பக்கங்களைப் பற்றிப் பிறர் அனுப்பும் வேண்டுகோள்கள் ரிமூவல்ஸ் பகுதியின் "அவுட்டேட்டட் கன்டென்ட்" தாவலில் தெரியும். முகவரியின் எழுத்துகளைப் பெரிது சிறிதாக மாற்றி அனுப்பி, உயிரோடு இருக்கும் செய்திக் கட்டுரைகளைத் தேடலிலிருந்து விழவைத்த ஒரு குறுக்குவழி 2025-ல் அம்பலமானது. கூகுள் அதைச் சரிசெய்ததாகச் சொன்னது. மாதம் ஒருமுறை அந்தத் தாவலைத் திறந்து பார்ப்பது கெட்ட பழக்கம் இல்லை.

பக்கம் உயிரோடு இருக்கிறது என்றால், முதலில் தள உரிமையாளருக்கு எழுதுங்கள். அழிப்பது அவர் கையில்தான் இருக்கிறது, கூகுளில் மட்டும் எடுத்தால் மற்ற தேடுபொறிகளிலும் நேரடி இணைப்பிலும் அது இருக்கும். பதில் வராவிட்டால், தனிப்பட்ட தகவலுக்கான கூகுள் படிவம். போன் நம்பர், வீட்டு முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றையும் 2022-லிருந்து அது ஏற்கிறது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்தின் படம், மருத்துவ ஆவணம் போன்றவை அதற்கு முன்பே பட்டியலில் இருந்தன. 18 வயதுக்கு உட்பட்டவரின் படத்தை அவரோ பெற்றோரோ நீக்கக் கோரலாம், அது 2021-ல் வந்த வசதி. ஆனால் அரசு ஆவணம், செய்தி என்று பொதுநலன் உள்ள பக்கங்களைக் கூகுள் எளிதில் எடுக்காது. சில சமயம் பாதி வழியில் நிற்கும்: உங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் வராது, வேறு சொல்லில் தேடினால் வரும்.

அனுமதியில்லாமல் வெளியிட்ட அந்தரங்கப் படம் என்றால் மேலே சொன்ன எந்த வரிசையும் வேண்டாம். கூகுளின் அதற்கான தனிப் படிவம், படம் இருக்கும் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு, மூன்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். இத்தகைய புகாருக்குத் தளங்கள் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வரம்பு வைத்தன. அழிவதற்கு முன் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், போலீசுக்கு அது வேண்டும்.

காப்புரிமை (காப்பிரைட்) புகார் வேகமான வழி என்பதால் பலரும் அதில் நுழையப் பார்க்கிறார்கள். படத்தில் இருப்பவருக்கு அல்ல, பொதுவாக அதை எடுத்தவருக்கே காப்புரிமை. நீங்களே எடுத்த செல்ஃபிக்கு இது செல்லும், பத்திரிகைக்காரர் எடுத்த படத்துக்குச் செல்லாது. இந்தப் புகார்களின் நகலை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குக் கூகுள் அனுப்புகிறது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். மறைக்க நினைத்த விஷயத்துக்கு இன்னொரு பக்கம் முளைக்கக்கூடும்.

நீதிமன்றம் கடைசி வழி, மெதுவான வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவர்களுக்கு 2014 மே 13-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், பெயர்த் தேடலிலிருந்து காலாவதியான, பொருந்தாத முடிவுகளை நீக்கக் கோரும் உரிமை இருக்கிறது. பாரிசிலோ பெர்லினிலோ இருக்கும் தமிழர் அந்தப் படிவத்தை நேரடியாகவே நிரப்பலாம். அந்த நீக்கம் ஐரோப்பியத் தேடலுக்குத்தான், உலகம் முழுவதற்கும் நீட்டக் கூகுளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து தேடினால் வரத்தான் செய்யும். இந்தியாவில் நிலைமை இன்னும் தெளியவில்லை. வழக்கில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டபோது 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டு, தீர்ப்பை வெளியிட்டிருந்த சட்டத் தளத்தையும் எடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. பழைய வழக்கு விவரத்தை எடுக்க நினைப்பவர் வக்கீல் செலவைக் கணக்கிடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிங்கும் மற்றவையும்

கூகுளில் செய்தது கூகுளில் மட்டும்தான். 410, நோஇண்டெக்ஸ், கடவுச்சொல் ஆகியவை எல்லாத் தேடுபொறிக்கும் பொது, கருவிகள் தனித்தனி. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் "பிளாக் யூஆர்எல்ஸ்" அதிகபட்சம் 90 நாள்தான் மறைக்கும். யாஹூவும் பெருமளவு டக்டக்கோவும் பிங்கின் முடிவுகளையே எடுத்துக்கொள்வதால் அங்கே தனியாக ஓட வேண்டாம். பிங்கும் யாண்டெக்ஸும் 2021-ல் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் என்ற அறிவிப்பு முறை வழியாக அழித்த முகவரியை அனுப்பினால், மீண்டும் வந்து பார்க்கும்படி அவற்றுக்குத் தெரிவிக்கலாம். கூகுள் அதில் சேரவில்லை. பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இருக்கும் நகல் தேடுபொறி சம்பந்தப்பட்டதே அல்ல. அதை எடுக்க, தளத்தின் உரிமையாளர் என்ற முறையில், அந்தத் தளத்தின் டொமைனில் உள்ள மின்னஞ்சலிலிருந்து, வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு முகவரியையும் கால வரம்பையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.